பொழுதுபோக்குப் பூங்காவில் ஒரு நாள்: எதை எடுத்துச் செல்வது, பையை யார் சுமப்பது?

சாட்ஸ்வர்த் வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். செப்டம்பர் இறுதியில் தொடங்கும் பள்ளி விடுமுறையில் நாங்கள் டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் சென்று, லெனேசியாவில் இருக்கும் என் நாத்தனார் வீட்டில் தங்கி, ஒரு நாள் முழுவதையும் அங்குள்ள கோல்டு ரீஃப் சிட்டி பொழுதுபோக்குப் பூங்காவில் கழிப்பதாகத் திட்டமிட்டிருக்கிறோம். நான், என் கணவர், 12 வயது மகன், 7 வயது மகள், 68 வயதான என் மாமியார், நாத்தனாரின் 15 வயது மகன் என ஆறு பேர் செல்கிறோம்.

எங்கள் வீட்டில் கடற்கரைக்குப் புறப்பட்டாலும் சரி, கோயில் திருவிழாவுக்குப் புறப்பட்டாலும் சரி, ஒரு பெரிய தோள்பை, ஒரு குளிர்ப்பெட்டி, கடைசி நேரத்தில் நினைவுக்கு வந்தவற்றை எல்லாம் திணித்த ஒரு பிளாஸ்டிக் பை என்று சுமை மூன்றாகிவிடுகிறது. தூக்கிச் செல்வதுகூடப் பெரிய தொல்லை இல்லை. இராட்டினத்தில் ஏறப்போகிற ஒவ்வொருவரும் தம் கையில் இருப்பதை மாமியாரின் மடியில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அவரும் முகம் கோணாமல் வாங்கி வைத்துக்கொண்டு ஓர் இருக்கையில் அமர்ந்திருப்பார். நுழைவுச்சீட்டுக்குப் பணம் கொடுத்து உள்ளே அழைத்துச் சென்று, ஒரு முதியவரைப் பைகளுக்குக் காவல் வைத்துவிட்டு வருவது எனக்குச் சரியாகப் படவில்லை. இந்த முறை அப்படி நடக்கக் கூடாது என்று உறுதியாக இருக்கிறேன்.

ஆனால் குறைப்பதற்குத் தடையாகச் சில காரணங்கள் இருக்கின்றன. மாமியார் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர். அதைக் குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டும் என்று பனிக்கட்டிப் பொதிகளோடு குளிர்ப்பெட்டி வருகிறது. அது புரட்டாசி மாதம் என்பதால் அவரும் நானும் மரக்கறி உணவு மட்டுமே உண்போம். உள்ளே என்ன கிடைக்கும் என்று தெரியாததால் சோறும் கறியும் கட்டிக்கொண்டு போகலாம் என்று அவர் சொல்கிறார். டர்பனில் வாழும் எங்களுக்கு அந்த ஊரின் காலைக் குளிரும் பிடிபடுவதில்லை; ஆளுக்கொரு தடித்த மேலங்கி எடுத்தால் அதுவே ஒரு மூட்டை ஆகிவிடும். கணவர் சனிக்கிழமை போகலாம் என்கிறார். சென்று வந்தவர்கள் எதை விட்டுவிடலாம், எதை விடவே கூடாது என்று சொல்லுங்கள்.

லெனேசியா அன்பர் எழுதியது:

வணக்கம் தங்கை. நீங்கள் தங்கப்போகும் ஊர் என்பதால் முதலில் வானிலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மூட்டையில் பாதி அதனால்தான் சேர்கிறது.

ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. செப்டம்பர் இறுதியில் விடியற்காலையில் 10 பாகைக்கு அருகில் இருக்கும் வெப்பம் நண்பகலில் 25 பாகையைத் தொட்டுவிடும். எனவே காலை ஒன்பது மணிக்குத் தேவைப்படும் தடித்த மேலங்கி பதினொரு மணிக்கு வெறும் சுமையாகிவிடுகிறது. பிறகு அது யார் மடியில் போய்ச் சேரும் என்பதை நீங்களே சொல்லிவிட்டீர்கள். மெல்லிய முழுக்கைப் பருத்திச் சட்டையும், அதன்மேல் இடுப்பில் கட்டிக்கொள்ளக்கூடிய மெல்லிய கம்பளிச் சட்டையும் அணிந்து வாருங்கள். தடித்த மேலங்கிகளைக் காரிலேயே விட்டுவிடலாம். கோடை மழை பெரும்பாலும் அக்டோபரில்தான் வலுக்கத் தொடங்கும் என்பதால் ஆறு பேருக்கு ஆறு குடைகள் என்று தொடங்காதீர்கள். முந்தைய இரவு வானிலை அறிக்கையைப் பார்த்து, தேவையென்றால் மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கும் மழைச்சட்டைகளை எடுத்துக்கொள்ளலாம்.

முழுக்கைச் சட்டைக்கு இன்னொரு பயனும் உண்டு. உயரம் ஆயிரம் மீட்டர் கூடும்போது புற ஊதாக் கதிர்களின் வலிமை ஏறத்தாழ பத்து விழுக்காடு கூடுகிறது. டர்பனில் வியர்த்துக் கொட்டுவதால் வெயில் உறைப்பது நமக்குத் தெரிகிறது. இங்கே காற்று உலர்ந்திருப்பதால் வியர்வை தெரிவதற்கு முன்பே ஆவியாகி, மாலையில்தான் கழுத்தும் காதுமடலும் எரியத் தொடங்கும். வெயில் தடுப்புக் களிம்பை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மீண்டும் பூச வேண்டும். முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு முறைக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது சுமார் ஐந்து மில்லிலிட்டர் தேவைப்படும். கைகளைச் சட்டை மூடிவிட்டால், முதல் பூச்சை வீட்டிலேயே முடித்துக்கொண்டு பூங்காவில் இரண்டு முறை பூசுவதற்கு ஆறு பேருக்கும் சேர்த்து 60 மில்லிலிட்டர் போதும். அரைக்கைச் சட்டைகளோடு வந்தால் பெரிய புட்டி ஒன்றைத் தூக்க நேரிடும். உதட்டுக்கான களிம்பை மறந்துவிடாதீர்கள். கடலோரத்தவர்களின் உதடுகள் இங்கே ஒரே நாளில் வெடித்துவிடுகின்றன.

அடுத்தது கார். கூடுதல் பொருள்களைக் காரின் பின்பெட்டியில் வைத்துக்கொள்வது நல்ல வழிதான். ஆனால் அவற்றை வீட்டிலிருந்து புறப்படும்போதே வைத்துப் பூட்டிவிடுங்கள். வாகன நிறுத்துமிடத்துக்கு வந்த பிறகு பின்பெட்டியைத் திறந்து கைப்பைகளை அடுக்கினால், எந்தக் காரில் என்ன இருக்கிறது என்று நோட்டமிடுபவர்களுக்கு நாமே சொல்லிக்கொடுத்தது போலாகும். தொலைப்பூட்டுப் பொத்தானை அழுத்திவிட்டு நடந்துவிடாமல் ஒவ்வொரு கதவையும் கையால் இழுத்துப் பாருங்கள். அலைகளைத் தடுக்கும் கருவியை வைத்துக்கொண்டு கதவு பூட்டாமல் செய்துவிடும் திருட்டு நம் நாட்டில் வெகுநாள்களாக நடக்கிறது. இது டர்பனிலும் உண்டு, உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

பூங்காவுக்கு உள்ளே வருவது ஒரு பையாக இருக்கட்டும். மாமியாருடைய பொருள்கள் அவருடைய சிறிய குறுக்குத்தோள் பையில் இருக்கலாம். மற்றவர்களுக்குப் பொதுவாக, இடுப்பில் கட்டிக்கொள்ளும் சிறு பையான மூன்பேக் ஒன்று போதும். ஓட்டுநர் உரிமம், ஒரு வங்கி அட்டை, கார் காவலருக்குக் கொடுக்கச் சில ரேண்ட் நாணயங்கள், கைப்பேசி, களிம்பு, கைத்துடைப்பான்கள், மின்னூட்டப் பெட்டி ஒன்று ஆகியவை அதில் அடங்கிவிடும். பருமனான பணப்பை, வீட்டுச் சாவிக்கொத்து, கடை அட்டைகள் எல்லாம் நாத்தனார் வீட்டு மேசையிலேயே இருக்கட்டும். வளையல்களையும் நீண்ட சங்கிலிகளையும் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். தாலியைச் சட்டைக்குள் செருகிக்கொள்ளலாம். மாமியாருக்குச் சேலை பழக்கம் என்றாலும் அன்று ஒரு நாள் பஞ்சாபி உடை அணிவது நல்லது. இயந்திரச் சவாரிகளில் தொங்கும் துணி ஆபத்து என்பதால்தான் சொல்கிறேன்.

பீனிக்ஸ் பெரியவர் எழுதியது:

மகளே, முந்தையவர் சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். உணவைப் பற்றி மட்டும் நான் பேசுகிறேன், ஏனென்றால் நம்மவர்களின் பை பெருப்பதற்கு முதல் காரணம் உணவுதான். நாம் பட்டினி கிடந்துவிடுவோம் என்ற அச்சம் நம் வீட்டுப் பெண்களுக்கு எந்த ஊருக்குப் போனாலும் விலகுவதில்லை.

சோறும் கறியும் வேண்டவே வேண்டாம். அவற்றுக்குத் தட்டு வேண்டும், கரண்டி வேண்டும், கை கழுவ நீர் வேண்டும், கசிந்தால் துடைக்கத் துணி வேண்டும். ஒரு கறி நான்கு பொருள்களை இழுத்துக்கொண்டு வருகிறது. அதைவிட முக்கியமாக, வெளி உணவை உள்ளே அனுமதிப்பது பற்றி ஒவ்வொரு பூங்காவும் தனக்கென்று ஒரு விதி வைத்திருக்கிறது. வாயிலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். அங்கே நின்று வாதாடுவதைவிட, முந்தைய நாளே தொலைபேசியில் அழைத்து மூன்று செய்திகளைக் கேட்டுவிடுங்கள்: நீரிழிவு உள்ள முதியவருக்குச் சிறிதளவு உணவு கொண்டுவரலாமா, கையில் முத்திரை குத்திக்கொண்டு வெளியே போய்த் திரும்பி வரலாமா, பொருள்களை வைத்துப் பூட்டும் பெட்டிகள் வாடகைக்குக் கிடைக்குமா. இந்த மூன்றுக்கும் விடை தெரியாமல் பை கட்டத் தொடங்குவதில் பயனில்லை.

வெளியே போய்த் திரும்பலாம் என்றால் ரொட்டியைச் சுருட்டிக் காரில் வையுங்கள். உருளைக்கிழங்கை நீர் இல்லாமல் நன்றாக வதக்கி, ரொட்டிக்குள் வைத்துச் சுருட்டி, மெழுகுத்தாளில் தனித்தனியாகப் பொதிந்துவிட்டால் தட்டும் வேண்டாம், கரண்டியும் வேண்டாம். என்3 நெடுஞ்சாலையில் ஜோகன்னஸ்பர்க் போகும்போது ஹாரிஸ்மித் வரை நம்மவர்களைத் தாங்குவது அதுதானே. ஆனால் வெயிலில் நிற்கும் கார் அடுப்புபோல் சூடேறும். தயிர், தேங்காய்ச் சட்னி, பனீர் ஆகிய மூன்றையும் அதில் வைக்காதீர்கள். புளிச்சோறு பரவாயில்லை. திரும்பி வர அனுமதி இல்லையென்றால் காலையில் வயிறு நிறைய உண்டுவிட்டுப் போங்கள். உருளைக்கிழங்கு வறுவல் கிடைக்காத பூங்கா இந்த நாட்டில் இல்லை. ஆனால் புரட்டாசிக்காரர்கள், இறைச்சி பொரிக்கும் எண்ணெயிலேயே அதையும் பொரிக்கிறார்களா என்று கேட்டுக்கொள்வது நல்லது. பணம் கூடச் செலவாகும் என்பது உண்மைதான். அந்தச் செலவைக் கணக்கில் சேர்த்துக்கொண்டுதான் பயணத்தைத் திட்டமிட வேண்டும் என்பது என் கருத்து.

தண்ணீரைப் பொறுத்தவரை, ஒரு லிட்டர் என்பது ஒரு கிலோ. ஆறு பேருக்கும் ஆளுக்கு ஒரு லிட்டர் என்று கட்டினால் ஆறு கிலோவை ஒருவர் சுமக்க வேண்டும். வெற்றுப் புட்டிகள் இரண்டை எடுத்துச் சென்று உள்ளே நிரப்பிக்கொள்ளுங்கள். ஜோகன்னஸ்பர்க்கில் குழாய் வறண்டுபோகும் நாள்களும் உண்டு என்பதால் அன்றைக்கு வாங்கிக்கொள்ள நேரலாம்.

மாரிட்ஸ்பர்க் செவிலியர் எழுதியது:

வணக்கம் சகோதரி. இன்சுலின் பற்றி மட்டும் எழுதுகிறேன். உங்கள் மாமியாரின் மருந்தளவையும் வேளைகளையும் அவருடைய மருத்துவரே சொல்ல வேண்டும். நான் சொல்வது மருந்தைக் கொண்டுசெல்லும் முறையைப் பற்றியது.

குளிர்ப்பெட்டியைத் தாராளமாக வீட்டில் விட்டுவிடலாம். திறக்காத இன்சுலினைத்தான் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் பேனா, வகையைப் பொறுத்து, 25 அல்லது 30 பாகைக்குக் கீழே இருந்தால் பொதுவாக நான்கு வாரங்கள் வரை கெடுவதில்லை. உறுதியான அளவு அதனுடன் வரும் தாளில் அச்சிடப்பட்டிருக்கும். எனவே ஜோகன்னஸ்பர்க்கின் செப்டம்பர் நாள் ஒன்றில், நிழலில் இருக்கும் துணிப்பையில், அது பனிக்கட்டி இல்லாமலேயே நன்றாக இருக்கும். சொல்லப்போனால் பனிக்கட்டிப் பொதியோடு ஒட்டி வைப்பதுதான் தீங்கு. ஒரு முறை உறைந்த இன்சுலின் மீண்டும் இளகினாலும் பயன்படாது. நாள் மிகவும் சூடாக இருக்கும் என்று தோன்றினால், நீரில் நனைத்தால் ஆவியாதலால் தானாகக் குளிரும் சிறிய உறைகள் மருந்தகங்களில் கிடைக்கின்றன. அவை உள்ளங்கை அளவே இருக்கும்.

இன்சுலினைக் காரில் வைக்கவே வைக்காதீர்கள். வெளியே 22 பாகையாக இருக்கும் நாளிலும் வெயிலில் மூடி நிறுத்திய கார் ஒரு மணி நேரத்துக்குள் 40 பாகையைத் தாண்டிவிடும். சர்க்கரை அளக்கும் கருவியின் பரிசோதனைப் பட்டைகளும் அந்தச் சூட்டில் கெட்டுப்போகும். பேனா, இரண்டு மூன்று ஊசிமுனைகள், அளக்கும் கருவி, பட்டைகள், பயன்படுத்திய ஊசிமுனையைப் போட மூடியுள்ள சிறு புட்டி ஆகியவை எல்லாம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் அடங்கிவிடும். இந்தக் கூடு மாமியாரின் உடலோடு இருக்கும் பையில் இருக்க வேண்டும். பொதுப்பையில் வைத்து, அந்தப் பையோடு வேறொருவர் வேறொரு சவாரிக்கு வரிசையில் நின்றுவிட்டால் அது இருந்தும் பயனில்லை.

இன்னொன்று, கட்டாயமானது. வழக்கத்தைவிட அதிகமாக நடக்கும் நாளில் இரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். நடுக்கம், குளிர்ந்த வியர்வை, தடுமாற்றம் ஆகியவை தெரிந்தால், அளந்து பார்த்துவிட்டு 15 கிராம் சர்க்கரை உடனே உள்ளே போக வேண்டும். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை அல்லது 150 மில்லிலிட்டர் பழச்சாறு ஏறத்தாழ அந்த அளவுதான். பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் அளந்து, ஏறவில்லையென்றால் மறுபடியும் அதே அளவு கொடுக்க வேண்டும். சாக்லேட் இதற்கு உதவாது, கொழுப்பு இருப்பதால் மெதுவாகவே சேரும். சிறு பழச்சாற்றுப் பெட்டி ஒன்றும் குளுக்கோஸ் மாத்திரைகளும் அந்தப் பையில் இருக்கட்டும். வாயிலில் கேட்டால் காட்டுவதற்கு மருந்துச்சீட்டின் படத்தைக் கைப்பேசியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை என்று எழுதியிருந்தீர்கள். புரட்டாசிச் சனியன்று மாமியார் மாலை வரை விரதம் இருப்பவர் என்றால் வேறு நாளைத் தேர்ந்தெடுங்கள். விரதமும் இன்சுலினும் நாள் முழுவதும் நடப்பதும் ஒன்றாகச் சேரக் கூடாது. புதுக் காலணி வாங்கித் தருவதையும் தவிருங்கள். பழகிய மூடிய காலணியும் ஒரு மாற்றுக் காலுறையும் போதும், நீரிழிவு உள்ளவரின் காலில் கொப்புளம் சிறிய செய்தி அன்று.

சாட்ஸ்வர்த் வாசகி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. சனிக்கிழமை விரதத்தை நாங்கள் யாருமே எண்ணிப் பார்க்கவில்லை. அடுத்த வியாழக்கிழமைக்கு மாற்றிவிட்டோம். செப்டம்பர் 24 பாரம்பரிய நாள் விடுமுறையன்று கூட்டம் மிகுதியாக இருக்கும் என்பதால் அந்தத் தேதியையும் தவிர்த்துவிட்டோம். குளிர்ப்பெட்டி வேண்டாம் என்று கேட்டதும் என் கணவரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

இன்னும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பிள்ளைகள் நீர்ச்சவாரியில் ஏறியே தீருவோம் என்கிறார்கள். அப்படியென்றால் மாற்றுடையும் துண்டும் வேண்டாமா? மாமியார் இராட்டினங்களில் ஏறமாட்டார், ஆனால் பூங்காவில் இருக்கும் பழைய தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார். அப்போது பையை என்ன செய்வது?

டர்பன் மாணவர் எழுதியது:

அக்கா, டர்பனில் உள்ள உஷாக்கா பூங்காவுக்குப் போவது போல் எண்ணிக் கட்டினால் பை பெருத்துவிடும். உஷாக்காவின் நீர்ப்பூங்காவில் நாள் முழுவதும் நனைந்திருப்போம், எனவே நீச்சலுடையும் துண்டும் வேண்டும். கோல்டு ரீஃப் சிட்டியில் நனைவது ஒன்றிரண்டு சவாரிகளில் மட்டுமே. ஜீன்ஸ் அணிந்து போகாமல் விரைவில் உலரும் விளையாட்டுக் காற்சட்டை அணிந்து, வெயில் ஏறிய பிறகு நண்பகலில் அந்தச் சவாரியை வைத்துக்கொண்டால், அந்த உலர்ந்த காற்றில் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். மாலையில் ஏறினால் காற்றடித்துக் குளிரும். உங்கள் மகளுக்கு மட்டும் ஒரு மாற்றுச் சட்டையும் உள்ளாடையும் எடுத்துக்கொண்டால் போதும். கைப்பேசிகளைப் போட்டு மூட இழுத்து ஒட்டும் பிளாஸ்டிக் உறை ஒன்று தேவை. அனகோண்டா என்னும் அதிவேகச் சவாரியில் இருக்கைகள் தண்டவாளத்துக்குக் கீழே தொங்குவதால் கால்கள் அந்தரத்தில் இருக்கும். குதிகாலைப் பிடிக்காத செருப்பும் தொப்பியும் மூக்குக்கண்ணாடியும் பறந்துவிடும். காற்சட்டைப் பையில் சாவியை வைத்துக்கொண்டும் ஏறாதீர்கள்.

லெனேசியா அன்பர் எழுதியது:

தங்கை, சுரங்கத்தைப் பற்றிக் கேட்டது நல்லதாயிற்று. அந்தப் பூங்காவே பழைய கிரவுன் மைன்ஸ் நிறுவனத்தின் 14ஆம் எண் சுரங்கக் குழியைச் சுற்றி எழுந்தது. அதைப் பார்க்காமல் திரும்புகிறவர்களே மிகுதி. தலைக்கவசம் கொடுத்து வழிகாட்டி அழைத்துச் செல்வார். மாமியார் தம் சிறிய குறுக்குத்தோள் பையை மட்டும் அணிந்து, மூடிய தட்டையான காலணியுடன் இறங்கட்டும். படிகள் எத்தனை, எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை நுழைவிடத்தில் கேட்டுவிட்டு, ஊசி, உணவு வேளைகளுக்கு இடைப்பட்ட நேரமாகப் பார்த்துச் சீட்டு வாங்குங்கள். தங்கத்தை உருக்கி அச்சில் வார்த்துக் காட்டும் நிகழ்ச்சியும் உண்டு, அமர்ந்தே பார்க்கலாம். பக்கத்திலேயே இருக்கும் இனஒதுக்கல் அருங்காட்சியகத்தை அதே நாளில் சேர்த்துவிடாதீர்கள். அதற்குப் பல மணி நேரம் வேண்டும், மனநிலையும் வேறாக இருக்க வேண்டும்.

பை யாரிடம் இருக்க வேண்டும் என்பதற்கு விடை உங்கள் குடும்பத்திலேயே இருக்கிறது. பெரிய சவாரிகளில் ஏறுவதற்குக் குறைந்தபட்ச உயரம் உண்டு. உங்கள் ஏழு வயது மகளைப் பெரும்பாலும் ஏற்றமாட்டார்கள். எனவே அண்ணன்மார் ஏறும்போதெல்லாம் அவளோடு பெற்றோரில் ஒருவர் கீழே நின்றாக வேண்டும். மூன்பேக் அவரிடம் இருக்கட்டும். அவள் சிறுவர் இராட்டினத்தில் சுற்றும்போது அந்த 15 வயதுப் பையனிடம் அதைக் கொடுத்துவிடலாம். சுரங்கக் குழிக்குள் விழும் டவர் ஆஃப் டெரரில் ஏற உங்கள் கணவருக்கும் துணிவிருந்தால், அந்த நேரத்தில் நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த முறையை வீட்டிலேயே எல்லோருக்கும் சொல்லி, மாமியார் கையில் அவருடைய மருந்துப்பையைத் தவிர வேறெதையும் யாரும் வைக்கக் கூடாது என்று பிள்ளைகளிடம் உறுதி வாங்கிவிடுங்கள். மகளின் முன்கையில் உங்கள் கைப்பேசி எண்ணைப் பேனாவால் எழுதிவிடுங்கள். கூட்டத்தில் பிரிந்தால் சந்திக்கும் இடத்தை உள்ளே நுழைந்தவுடன் நின்று காட்டுங்கள்.

காரை நிறுத்தியதும் நிறுத்துமிட எண்ணைப் படம் எடுக்க மறவாதீர்கள். இருட்டத் தொடங்கியதும் களைத்த பிள்ளைகளோடு கார் தேடி அலைவது கடினம். காலையில் காரில் விட்டுச்சென்ற தடித்த மேலங்கிகள் அந்த நேரத்தில்தான் தேவைப்படும்.